இறங்கிய எடை ஏறாதிருக்க: பேரியாட்ரிக் அறுவைக்குப் பிந்தைய ஆண்டுகள்

இந்த மலருக்கு இதற்கு முன் நான் எழுதியவை எல்லாம் பாடப்புத்தக வாசனை அடிக்கும் அறிவியல் கட்டுரைகள். முப்பது வருடம் தமிழ்வழிப் பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுத்தவளுக்கு வேறு எப்படி எழுத வரும்? இந்த முறை என் உடம்பைப் பற்றியே எழுதப் போகிறேன். அதற்குக் காரணம் சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விருந்து.

பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள் என் பழைய மாணவி ஒருத்தி. இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "டீச்சர், எங்க தம்பி நாலு வருசத்துக்கு முன்னால வயித்துல ஆபரேஷன் பண்ணிக்கிட்டான். அம்பது கிலோ குறைஞ்சான். இப்ப பதினெட்டு கிலோ திரும்ப ஏறிட்டு. டாக்டர்ட்ட போவமாட்டேங்கான். கல்யாண வீட்டுக்கு வரமாட்டேங்கான். காசையும் கரியாக்கி, வயித்தையும் அறுத்து, கடைசில பழைய குண்டுதானான்னு கேப்பாங்கன்னு வீட்டுக்குள்ளயே கெடக்கான்."

"நானும் மூணு வருசம் அப்படித்தான் கெடந்தேன்" என்றேன். அவள் கையிலெடுத்த அப்பளத்தை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு அறுவை நடந்தது அவளுக்குத் தெரியாது. நம் சங்கத்தில் பலருக்கும் தெரியாது. நான்தான் யாரிடமும் சொல்லவில்லையே!

மறைத்து வைத்ததால் யாருக்கு என்ன லாபம் என்று அன்று இரவு யோசித்தேன். அதன் விளைவுதான் இக்கட்டுரை.

என் கணக்கு

முதலில் என் எண்களைச் சொல்லிவிடுகிறேன். 2012-இல் எனக்கு வயது 49. உயரம் 158 செ.மீ., எடை 118 கிலோ. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் உடல் நிறைக் குறியீட்டெண். என்னுடையது 47. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தாண்டினால் பருமன் என்பது நம் மருத்துவர்கள் வகுத்த அளவு. எனக்குச் சர்க்கரை இருந்தது, இரத்த அழுத்தம் இருந்தது. இரவில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும். சயான் ஸ்டேஷன் படிக்கட்டில் நடுவிலே நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டால்தான் மீதிப் படி ஏற முடியும்.

அதற்கு முன் நான் எடை குறைக்காதவள் அல்ல. பட்டினி, கொள்ளு, வெந்நீர்த் தேன், ஜிம் என்று எல்லாம் பார்த்து, ஐந்து முறை பத்துப் பத்துக் கிலோ குறைத்து, ஐந்து முறையும் பன்னிரண்டு பன்னிரண்டாக ஏற்றிக்கொண்டவள். கடைசியில் 'ஸ்லீவ்' எனப்படும் இரைப்பைக் குறுக்க அறுவை செய்துகொண்டேன். அப்போது என் மருத்துவக் காப்பீட்டில் இதற்கு இடமில்லை. சேமநல நிதியில் கடன் வாங்கித்தான் செய்தேன். 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த விதிகளின்படி, குறியீட்டெண் 40-உம் அதற்கு மேலும் இருப்போருக்கும், 35-உம் அதற்கு மேலும் இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை, இதயநோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை போன்றவை உள்ளோருக்கும், மற்ற வழிகள் பலிக்காதபோது மருத்துவர் பரிந்துரைத்தால், இந்த அறுவையை 'எடைக் குறைப்பு' என்ற காரணம் காட்டி விலக்க முடியாது. காத்திருப்புக் காலம் முதலான நிபந்தனைகளைப் பாலிசியில் படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றரை ஆண்டில் 74 கிலோவுக்கு வந்தேன். 44 கிலோ போயிற்று. சர்க்கரை மாத்திரை நின்றது. ஊருக்குப் போனபோது என் சொந்த மதினி என்னை அடையாளம் தெரியாமல் "யாரு இது?" என்றாள். வாழ்க்கையில் இத்தனை சந்தோஷமா என்று நினைத்தேன். 2015-லிருந்து முள் மெல்ல ஏறியது. 2018-இல் 89. இப்போது 82.

அறுவை என்ன செய்கிறது?

"வயித்தைச் சின்னதாக்கிடுவாங்க, சாப்பிட முடியாது, மெலிஞ்சிடுவோம்" என்பதுதான் பொதுவாக நாம் நினைப்பது. இது பாதி உண்மை.

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மீந்திருப்பது ஒரு வாழைப்பழம் போன்ற குழாய். 'பைபாஸ்' அறுவையில் இரைப்பையின் மேற்பகுதியில் 30 மி.லி. அளவுக்கு ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரடியாக இணைக்கிறார்கள். உணவு மீதி இரைப்பையையும் சிறுகுடலின் முதல் பகுதியையும் தொடாமலே போய்விடும். எடைக்காக இந்த பைபாஸை 1960-களில் முதலில் செய்தவர் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் எட்வர்டு மேசன்.

மீதிப் பாதி உண்மை ஹார்மோன்களில் இருக்கிறது. 'கிரெலின்' என்று ஒரு ஹார்மோன். 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. "பசிக்குது, சோறு போடு" என்று மூளைக்குச் சொல்லும் தூதன் இது. இதைப் பெருமளவில் சுரக்கும் இரைப்பையின் மேற்புடைப்பு, ஸ்லீவ் அறுவையில் வெட்டிய பகுதியோடு போய்விடுகிறது. இன்னொரு பக்கம், உணவு விரைவாகச் சிறுகுடலுக்குப் போவதால் 'ஜி.எல்.பி.-1' போன்ற, "போதும், நிறுத்து" என்று சொல்லும் ஹார்மோன்கள் அதிகமாகச் சுரக்கின்றன. அறுவைக்குப் பின் முதல் வருடம் பசியே எடுக்காதது இதனால்தான். நானே, "சாப்பிட்டோமா இல்லையா?" என்று கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்ட காலம் அது.

தேனிலவு முடிந்த பின்

முதல் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளைத் தேனிலவுக் காலம் என்றே சொல்லலாம். அதன் பிறகுதான் குடித்தனம். அந்தக் குடித்தனம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளாததுதான் நான் செய்த முதல் தவறு.

ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய ஓர் ஆய்வு, அறுவை செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும் செய்துகொள்ளாத சுமார் 2,000 பேரையும் பல்லாண்டுக் காலம் பின்தொடர்ந்தது. பைபாஸ் செய்தவர்கள் முதல் இரண்டு ஆண்டுக்குள் சராசரியாகத் தம் எடையில் 32 சதவிகிதம் இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 சதவிகிதமாக இருந்தது. அதாவது 120 கிலோ இருந்த ஒருவர் 82-க்கு இறங்கி, பத்தாண்டில் 90-க்கு வந்து நிற்கிறார். அறுவை செய்யாதவர்கள் எடையிலோ பதினைந்து ஆண்டிலும் பெரிய மாற்றம் இல்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்த இன்னோர் ஆய்வு 2017-இல் வெளியானது. அதில் பைபாஸ் செய்தவர்கள் இரண்டாம் ஆண்டில் சராசரி 45 கிலோ குறைந்திருந்தார்கள், ஆறாம் ஆண்டில் 36, பன்னிரண்டாம் ஆண்டில் 35.

இந்த எண்களை நிதானமாகப் படியுங்கள். இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, அடிமட்டத்தைத் தொட்ட பிறகு கொஞ்சம் ஏறுவது பெரும்பாலோருக்கு நடப்பதுதான். அது உங்கள் ஒருவரின் குற்றம் அல்ல. இரண்டு, அந்த ஏற்றம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. ஆறாம் ஆண்டுக்கும் பன்னிரண்டாம் ஆண்டுக்கும் ஒரு கிலோதான் வித்தியாசம் என்பதைப் பாருங்கள்.

இதைச் சராசரிக் கணக்கு என்றே கொள்ள வேண்டும். சிலருக்குச் சிறிதும் ஏறுவதில்லை, சிலருக்குப் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. சர்க்கரையும் அப்படித்தான். அதே யூட்டா ஆய்வில், சர்க்கரை நோய் விலகியிருந்தோர் இரண்டாம் ஆண்டில் 75 சதவிகிதம், பன்னிரண்டாம் ஆண்டில் 51 சதவிகிதம். ஆகவே மாத்திரை நின்றுவிட்டது என்று பரிசோதனையை நிறுத்தக்கூடாது.

அப்படியானால் அறுவையால் பயன் உண்டா? உண்டு. 2020-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்குப்படி, அறுவை செய்துகொண்டவர்கள் அதே அளவு பருமனோடு அறுவை செய்யாதவர்களைவிடச் சராசரி மூன்று ஆண்டு கூடுதலாக வாழ்கிறார்கள். இருந்தாலும் பொதுமக்களின் ஆயுளை அவர்கள் எட்டவில்லை, ஐந்தரை ஆண்டு குறைவு என்பதையும் அதே ஆய்வு மறைக்காமல் சொல்கிறது.

உடம்பின் ஞாபக சக்தி

ஏன் ஏறுகிறது? உடம்புக்குத் தன் பழைய எடை ஞாபகம் இருக்கிறது என்றுதான் என் மாணவர்களுக்குச் சொல்வேன். மனித உடம்பு பஞ்சத்துக்குத் தயாரான உடம்பு. எடை இறங்கினால் பஞ்சம் வந்துவிட்டது என்று பயந்து, பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி பிக்கெஸ்ட் லூசர்' என்று ஓர் எடைக்குறைப்புப் போட்டி நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துச் சோதித்த ஆய்வு 2016-இல் வந்தது. அவர்கள் அறுவை செய்யாமல் பட்டினியாலும் பயிற்சியாலும் குறைத்தவர்கள். பெரும்பாலோர்க்கு எடை திரும்பியிருந்தது. ஆனால் அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் கலோரி, அவர்கள் எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 குறைவாக இருந்தது! ஆறு ஆண்டு கழித்தும் உடம்பு சிக்கனத்தை விடவில்லை. "மனக்கட்டுப்பாடு இல்லை" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஒருவேளைச் சாப்பாட்டுக்குச் சமமான இந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

அறுவை இந்தப் போராட்டத்தில் நமக்கு ஒரு துணை. போராட்டத்தையே முடித்துவைக்கும் மந்திரக்கோல் அன்று. காலப்போக்கில் இரைப்பைக் குழாய் கொஞ்சம் விரிகிறது, பசி கொஞ்சம் திரும்புகிறது, பழைய பழக்கங்கள் கதவைத் தட்டுகின்றன.

அடுப்படிக் கணக்கு

என் விஷயத்தில் கதவைத் தட்டியது யார் என்று பின்னால் ஒரு நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தபோது தெரிந்தது. மூன்று பேர்.

முதலாவது, கொறித்தல். சிறிய இரைப்பைக்குள் ஒரே நேரத்தில் ஒரு தட்டுச் சோறு போகாது, உண்மைதான். ஆனால் முறுக்கும் மிக்சரும் பிஸ்கட்டும் வாயில் கரைந்து பொடியாகி, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வயிறு நிறைந்ததே தெரியாது. நூறு கிராம் முறுக்கில் சுமார் 500 கலோரி. மதியம் விடைத்தாள் திருத்தும்போது டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், இரண்டு மணி நேரத்தில் அது காலி. "நான் ஒண்ணுமே சாப்பிடல, எப்படி ஏறுது?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்பேன். அவர் பாவம், டப்பாவைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பேசாமல் பேப்பரை எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது, குடிப்பது. கலோரியைக் குடித்தால் அறுவை செய்த வயிறும் அதைத் தடுக்காது. நாளுக்கு நான்கு காப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. பால் தனி. பாயசம், ஜூஸ், குளிர்பானம் எல்லாம் இதே வரிசை. மதுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த அறுவைக்குப் பின், குறிப்பாக பைபாஸுக்குப் பின், மது சீக்கிரம் இரத்தத்தில் ஏறும். இரண்டாம் ஆண்டிலிருந்து சிலருக்கு அது அடிமைப் பழக்கமாகவே மாறுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலை வேறிடத்தில் தேடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது, வீணாக்கக்கூடாது என்ற தர்மம். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த தோசை, பாத்திரத்தின் அடியில் ஒரு கரண்டி பொரியல், உப்புப் பார்க்க ஒரு வாய். அம்மாமார்களே, இது நம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எங்கள் அத்தை உயிரோடு இருந்தபோது, "சோத்தைக் கொட்டுனா லெச்சுமி போயிருவா" என்பார். இப்போது எங்கள் வீட்டில் மிச்சம் ஃபிரிட்ஜுக்குப் போகிறது. என் வயிறு குப்பைத் தொட்டி இல்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆயிற்று.

வெட்கம் என்கிற நோய்

இந்த மூன்றையும்விட என்னைக் கெடுத்தது வெட்கம். எடை ஏறத் தொடங்கியதும் மருத்துவமனைக்குப் போவதை நிறுத்தினேன். "உங்களுக்காக இவ்வளவு செய்தோமே" என்று டாக்டர் கேட்பாரோ என்று பயம். எடைப் பலகையைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். மாத்திரைகளையும் நிறுத்தினேன்.

2018 மழைக்காலத்தில் கால்விரல்கள் மரத்துப் போயின. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. ஒருநாள் பஸ்ஸில் ஏறும்போது படியில் கால் வைத்ததே தெரியாமல் விழுந்தேன். சர்க்கரைதான் திரும்பிவிட்டது என்று நினைத்துப் போனால், சர்க்கரை அவ்வளவு மோசமில்லை. பி-12 வைட்டமின்தான் அடிமட்டத்தில் இருந்தது.

இதற்கும் காரணம் வெட்டிய இரைப்பைதான். பி-12 உடம்பில் சேர இரைப்பையின் அமிலமும், அங்கே சுரக்கும் ஒரு புரதமும் வேண்டும். முக்கால் இரைப்பை போனபின் இரண்டும் குறைவு. போதாததற்கு, ஸ்லீவுக்குப் பின் பலருக்கு வரும் நெஞ்செரிச்சல் எனக்கும் வந்து, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைப் பல வருடமாக விழுங்கிக்கொண்டிருந்தேன். அதுவும் பி-12-ஐக் குறைக்கும். ஊசி போட்டார்கள். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல உணர்வு திரும்பியது. இடது கால் சுண்டுவிரலில் மட்டும் இன்னும் முழுதாக வரவில்லை. மூன்று வருட வெட்கத்துக்கு நான் கொடுத்த விலை அந்தச் சுண்டுவிரல்.

டாக்டர் திட்டினாரா? இல்லை. "வந்தீங்களே, அதுவே பெரிசு" என்றார்.

நான் கடைப்பிடிப்பவை

அதன் பின் ஏழு கிலோ குறைத்து, அதைப் பல ஆண்டுகளாகக் காத்து வருகிறேன். எனக்குச் சொல்லப்பட்டு, நான் கடைப்பிடிப்பவற்றைக் கீழே தருகிறேன். உங்கள் அறுவையும் உடம்பும் வேறு என்பதால், அளவுகளை உங்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

1. முதலில் புரதம். நாளுக்கு 60 கிராமுக்குக் குறையக்கூடாது என்பது பொது விதி. புரதம் குறைந்தால் கொழுப்புக்குப் பதில் தசை கரையும், முடி கொட்டும், பசியும் அடங்காது. நம் சாப்பாட்டில் இதுதான் சிரமம். ஓர் இட்லியில் இரண்டு கிராம் அளவில்தான் புரதம். ஆகவே தட்டில் முதலில் மீன், முட்டை, பருப்பு, பனீர். பிறகு காய். இடமிருந்தால் சோறு. என் ஒருநாள் கணக்கு: காலையில் இரண்டு முட்டை, பத்து மணிக்கு ஒரு தம்ளர் சர்க்கரையில்லாப் பால், மதியம் நூறு கிராம் மீன், ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு, மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல், இரவு ஐம்பது கிராம் பனீர், ஒரு கிண்ணம் தயிர். கூட்டினால் அறுபதைத் தொடும். சைவர்கள் சோயா, பனீர், பயறு வகைகளைக் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

2. சாப்பாடு வேறு, தண்ணீர் வேறு. சாப்பிடும்போதும் அதன்பின் அரைமணி நேரமும் தண்ணீர் குடிப்பதில்லை. மற்ற நேரத்தில் மடக்கு மடக்காக. ரசத்தை ஊற்றிக் குழைத்து விழுங்கினால் சோறு வழுக்கிக்கொண்டு போய்விடும். திருநெல்வேலிக்காரிக்கு இது பெரிய தியாகம்தான்.

3. வேளைக்குச் சாப்பாடு. மூன்று வேளை, ஒரு சிற்றுண்டி. உட்கார்ந்து, தட்டில் போட்டு, மென்று, இருபது நிமிடம். நின்றுகொண்டு வாயில் போடுவது எதுவும் கிடையாது. முந்தையது செரித்தபின் அளவறிந்து உண்பதை வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்திலேயே சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது புரிய ஓர் அறுவை தேவைப்பட்டது.

4. ஆயுள் முழுக்க மாத்திரை. பி-12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பல்வைட்டமின். கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்துப் போடக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒன்று மற்றொன்றைச் சேரவிடாது. ஓயாமல் வாந்தி வந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போது தயமின் என்னும் பி-1 வைட்டமின் வேகமாகக் குறைந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கலாம். பைபாஸ் செய்தவர்கள் வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கிப் போடுவதும் புகைப்பதும் இணைப்பிடத்தில் புண் வரவழைக்கும்.

5. ஆண்டுக்கொரு முறை இரத்தப் பரிசோதனை. எடை சரியாக இருந்தாலும் இது தவறக்கூடாது. மாதவிலக்கு நின்ற பெண்கள் எலும்பின் அடர்த்தியையும் பார்த்துக்கொள்வது நல்லது. பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் இளம்பெண்கள் அறுவைக்குப் பின் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டாவது பொறுக்க வேண்டும்.

6. வாரம் ஒருநாள் எடை. ஞாயிறு காலை பார்த்துச் சுவரில் தொங்கும் காலண்டரில் எழுதுகிறேன். ஒரு கிலோ கூடினால் கவலைப்படுவதில்லை. மூன்று கிலோ கூடினால் நோட்டை எடுத்து, என்ன சாப்பிட்டேன் என்று எழுத ஆரம்பித்துவிடுவேன். மூன்று கிலோவைச் சமாளிப்பது சுலபம், பதினைந்தைச் சமாளிப்பது கஷ்டம்.

7. நடை. அமெரிக்காவில் 1994-இல், எடையைக் குறைத்துக் காத்துவருபவர்களுக்கென ஒரு பதிவேடு தொடங்கினார்கள். அதிலுள்ளோர் சராசரியாக நாள்தோறும் ஒரு மணி நேர அளவுக்கு உடலுழைப்பு செய்கிறார்கள். நான் மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸில் காலையில் 45 நிமிடம். ஜூலை மழையில் எங்கள் கட்டிடப் படிக்கட்டே பூங்கா. வாரம் இரண்டு நாள் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி இறக்கி, தசைக்கும் வேலை கொடுக்கிறேன்.

எல்லாம் செய்தும் ஏறினால்?

அப்போதும் வழியடைத்துப் போய்விடவில்லை. முதலில் உடல்ரீதியான காரணம் உண்டா என்று பார்ப்பார்கள். தைராய்டு, எடை கூட்டும் வேறு மருந்துகள், இரைப்பை விரிவு, மனச்சோர்வு என எதுவும் இருக்கலாம். தேவைப்பட்டால் ஸ்லீவை பைபாஸாக மாற்றும் மறு அறுவையும் உண்டு. அதில் முதல் அறுவையைவிட ஆபத்து சற்று அதிகம் என்பதால் அவசரப்படக்கூடாது.

டிர்செபடைடு, செமாகுளுடைடு என்னும் ஊசி மருந்துகள் எடைக்காகவே 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. முன்னே சொன்ன ஜி.எல்.பி.-1 ஹார்மோனின் வேலையைச் செய்பவை இவை. அறுவைக்குப் பின் எடை திரும்பியவர்களுக்கும் மருத்துவர்கள் இவற்றைத் தருகிறார்கள். ஆனால் செமாகுளுடைடை நிறுத்திய ஓராண்டுக்குள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்று ஓர் ஆய்வு காட்டியது. ஆக, ஊசியானாலும் கத்தியானாலும் உடம்பின் ஞாபகம் போவதில்லை. இரத்த அழுத்தத்துக்கு ஆயுள் முழுக்க மாத்திரை போடுவதை யாரும் கேவலமாக நினைப்பதில்லை. பருமனும் அதுபோல நீண்டநாள் நோய்தான்.

பந்தியில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஊரைவிட்டு வந்த நமக்குச் சாப்பாடுதான் ஊர். சங்கத்துப் பந்தியில் சொதியும் அவியலும் பரிமாறும்போது நாம் பரிமாறுவது திருநெல்வேலியை, தஞ்சாவூரை, மதுரையை. அதனால்தான் "வேண்டாம்" என்று யாராவது சொன்னால் மனசு கோணுகிறது. "என்னக்கா, ஒரே ஒரு வடை, எடுத்துக்கிடுங்க. எங்க கையால வச்சது புடிக்கலியா?" என்கிறோம். அன்புதான். ஆனால் அறுவை செய்தவர் வயிற்றில் அந்த ஒரு வடைக்கு உண்மையாகவே இடம் இருக்காது. அவசரமாக விழுங்கினால் நெஞ்சில் அடைக்கும். பைபாஸ் செய்தவர் பாயசத்தை மளமளவென்று குடித்தால் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரும். ஒருமுறை "வேண்டாம்" என்றால் விட்டுவிடுங்கள். இலையில் மிச்சம் இருந்தால் பார்க்காததுபோல் இருங்கள். எடையைப் பற்றி, "மெலிஞ்சிட்டீங்களே" என்றும் சொல்ல வேண்டாம், "திரும்பப் போட்டுட்டீங்களே" என்றும் சொல்ல வேண்டாம்.

என் மாணவியின் தம்பியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பொங்கல் முடிந்து இரண்டு மாதம் கழித்து அவன் வந்தான். நானும் அவனோடு மருத்துவமனைக்குப் போனேன். ஒரு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தோம். அந்த நேரம் முழுக்க எழுந்து போய்விடலாமா என்றுதான் அவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெயரைக் கூப்பிட்டார்கள். எடைப் பலகையில் ஏறச் சொன்னார்கள். ஏறினான். எழுதிக்கொண்டார்கள். "செருப்பைப் போட்டுக்கோங்க" என்றார்கள். அவ்வளவுதான். இரத்தத்தில் இரும்பும் வைட்டமின் டி-யும் குறைவு என்று வந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து, சாப்பாட்டு நோட்டு எழுதச் சொல்லி, ஆறு வாரத்தில் வரச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும், "இதுக்கா டீச்சர் இத்தன நாளு பயந்தேன்?" என்றான்.

இந்த மலரைப் படிப்பவர்களில் அவனைப் போல யாராவது எடைப் பலகையைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தால், இன்றைக்கே வெளியே எடுங்கள். எவ்வளவு காட்டினாலும் சரி, எழுதி வைத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கக் கிளம்புங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், ஞாயிறு காலை ஃபைவ் கார்டன்ஸுக்கு வாருங்கள். நடந்துகொண்டே பேசலாம்.